காதுக்காரரின் புருவம்

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டுதான் அந்தக் கண்ணாடி அறைக்குள் நுழைய முடிந்தது. அறை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பஞ்சு வைத்துத் தைத்த மூன்று சுவர்கள், நான்காவது பக்கம் இரட்டைக் கண்ணாடி ஜன்னல், நடுவில் ஒரு நாற்காலி. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவருக்குத் தன் எச்சில் விழுங்கும் சத்தமே பெரிதாகக் கேட்கும். ராணுவ ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில் அந்த அறை வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அதற்கு வெளியே உட்கார்ந்து ஒலி கொடுப்பவருக்கும் அதே பத்தொன்பது வருடம். அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் காதுக்காரர். மாப்பிள்ளை அவருடைய தங்கையின் கணவர், ராணுவத்தில் இருப்பவர்.

"வாங்க மாப்ள. ஹெட்போன மாட்டிக்குங்க. சிவப்பு வலது பக்கம், நீலம் இடது பக்கம். எவ்வளவு சின்னதா கேட்டாலும் பொத்தான அமுக்கிடுங்க."

"தெரியும் மச்சான். முன்னாடி போனவனுங்க எல்லாம் சொல்லிட்டானுங்க."

கதவு மூடியது. வலது காதில் ஆறு ஒலிகள், இடது காதில் ஆறு ஒலிகள், எல்லாம் இருபத்தைந்து டெசிபலில், பக்கத்தில் இருப்பவர் காதோடு கிசுகிசுப்பதைவிடக் குறைவான சத்தத்தில். உள்ளே பொத்தானை அமுக்கினால் வெளியே பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். பன்னிரண்டு முறையும் எரிந்தது. இடையில் காதுக்காரர் வழக்கம்போல ஏமாற்றுவதற்காக ஏழெட்டு நொடி சும்மா இருந்து பார்த்தார். விளக்கும் சும்மா இருந்தது. தாளில் 'இயல்பு' என்று எழுதித் தேதி போட்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகவும் கூடாது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரை மூன்று நாளில் பார்த்து முடிக்கச் சொல்லி உத்தரவு. அதற்காகவே அவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். நாற்காலி ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. அப்படி இருந்தால் ஹெட்போனைச் சரியாக மாட்டாதவனுக்கு ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்க் கதவைத் திறந்து சொல்ல வேண்டும். நாற்காலியை ஜன்னலைப் பார்த்துத் திருப்பிவிட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைக் காட்டிப் புரியவைத்துவிடலாம். ஆளுக்கு ஒரு நிமிடம் மிச்சம். தன் கை பெட்டியின் மறைவில்தான் இருக்கிறது, ஒலியை எப்போது கொடுக்கிறோம் என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது என்பதைச் சரிபார்த்துக்கொண்டுதான் திருப்பினார்.

மாப்பிள்ளைக்கு அடுத்து வந்தவன் சுருட்டைமுடி. படையோடு வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பட்டியலுக்குக் கீழே மாற்று ஆட்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் முதல் ஆள் அவன். யாராவது ஒருவர் சோதனையில் விழுந்தால் அவன் போக வேண்டும். சோதனை முடிந்து வெளியே வந்து, பெல்ட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டான்.

"சார், எனக்குக் கொஞ்சம் கம்மியாத்தானே கேக்குது?"

"பாம்புக் காது உனக்கு."

"அம்மாவும் அதான் சொல்லுவாங்க." அவன் சிரிக்கவில்லை. "கல்யாணமாயி ரெண்டு மாசம் சார். சும்மா கேட்டேன்."

அவர்கள் போகவிருந்த நாட்டை வரைபடத்தில் கண்டுபிடிக்க இரண்டு கடல் தாண்ட வேண்டும். அங்கே ஒரே மொழி பேசுகிறவர்கள் இரண்டாகப் பிரிந்து நான்கு வருடமாக ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். போன கோடையில் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்தது. சாக்பீஸ் தூளும் சிமெண்ட் தூளும் அப்பிய முகத்தோடு ஒரு சிறுமி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பல நாடுகள் சேர்ந்து ஒரு படை அனுப்புவதாக முடிவாகி, அதில் நாமும் சேரலாமா என்று நாடாளுமன்றத்தில் ஆறு நாள் பேசினார்கள். பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் சேரலாம் என்று தீர்மானமானது. காதுக்காரர் ஆறு நாள் பேச்சையும் பத்திரிகையில் படித்தார். காலையில் ஒரு பத்திரிகை படித்தால் போகத்தான் வேண்டும் என்று தோன்றும். மத்தியானம் கேன்டீனில் கிடக்கும் இன்னொன்றைப் படித்தால், போனால் சண்டை இன்னும் பத்து வருடம் நீளும் என்பது அப்பட்டமாகத் தெரியும். சாயங்காலத்துக்குள் இரண்டும் சேர்ந்து தலைவலியாகிவிடும்.

கேன்டீனில் தலைவலி இல்லாமல் பேசுகிறவர்கள் இருந்தார்கள். எக்ஸ்ரேக்காரர் அதில் முக்கியமானவர்.

"அவன் வீட்டுச் சண்டை அது. புருஷன் பொண்டாட்டி அடிச்சுக்கறப்ப நடுவுல போனவன் கதி என்னன்னு எங்கிட்ட கேளு. கை எக்ஸ்ரே, கால் எக்ஸ்ரே எல்லாம் காட்டறேன்."

"அப்ப அவ அடிபட்டே சாவட்டும்னு விட்டுருவீங்க?" என்றார் மருந்துக்கடையில் இருப்பவர்.

"யாரு சொன்னா? போலீசுக்குச் சொல்லுவேன்."

"இங்க போலீஸ் யாரு?"

எக்ஸ்ரேக்காரர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். "அது தெரிஞ்சா நாம எதுக்குய்யா போறோம்?"

காதுக்காரரின் தங்கை இந்த வாதங்களில் எதையும் கேட்டதில்லை. அவளுக்கு நேரமும் இல்லை. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை, எட்டு வயதில் ஒரு பெண். சோதனைக்கு இரண்டு நாள் முன்பு அண்ணனுடைய வீட்டுக்குத் தனியாக வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"அண்ணா, அவருக்கு நீதானே டெஸ்ட் எடுப்பே? இடது காது மந்தம்னு எழுதிடேன்."

"என்ன விளையாடறியா?"

"ஒரு வார்த்தை. உன் பேனா. யாருக்குத் தெரியும்?"

"பத்தொன்பது வருஷத்துல ஒரு தாள்ல ஒரு பொய் எழுதினதில்லம்மா நான். அவர் அங்க போய் என்ன செய்யப் போறாருங்கறது வேற பேச்சு. என் தாள்ல பொய் வராது."

தங்கை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. "சரி, உன் தாளை நீ பத்திரமா வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

சோதனைகள் முடிந்து இரண்டு நாள் கழித்து, கேன்டீனில் எக்ஸ்ரேக்காரர் ஒவ்வொருவரும் வேலை செய்யும்போது எப்படி இருப்பார்கள் என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ரத்தம் எடுக்கும் பெண் ஊசி குத்தும்போது தன் நாக்கைக் கடித்துக்கொள்வது, மருந்துக்கடைக்காரர் சீட்டைப் படிக்கத் தலையைப் பின்னால் இழுப்பது. பிறகு காதுக்காரர் முறை வந்தது. எக்ஸ்ரேக்காரர் ஒரு கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டு, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திடீரென்று இரண்டு புருவமும் மேலே ஏறி இறங்கின. மறுபடி கல். மறுபடி புருவம். மேசையில் இருந்த எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நான் அப்படியா செய்யறேன்?"

"ஒவ்வொரு பீப்புக்கும் சார்," என்றாள் ரத்தம் எடுக்கும் பெண். "இத்தன வருஷமா உங்களுக்குத் தெரியாதா? நாங்க கதவுகிட்ட நின்னு எண்ணுவோம்."

அவரும் சிரித்தார். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று விரலால் சுவரைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே செய்தபோது புருவம் அசையவில்லை. அதனால் அதை அத்துடன் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. வியாழக்கிழமை மாப்பிள்ளை கிளம்புகிறார் என்பதால் அழைத்திருந்தார்கள். கூடத்தில் ஒரு பெரிய பச்சைப் பை பாதி நிறைந்து நின்றது. மாப்பிள்ளை உற்சாகமாக இருந்தார். மருமகள் குட்டி, அப்பா போகிற ஊரில் இப்போது மணி என்ன என்பதைக் கணக்குப் போட்டுக் கால்மணிக்கு ஒருமுறை எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குட்டி எழுந்து கை கழுவப் போனாள். சமையலறை இடது பக்கம் இருந்தது. அங்கிருந்து "அப்பா, டவல் எங்க?" என்று கத்தினாள். மாப்பிள்ளை சட்டென்று வலது பக்கம், படுக்கையறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. ஒரு நொடி தாமதித்து, பிறகு எதிரே இருந்தவர்களின் கண்கள் போகும் திசையைப் பார்த்து, இடது பக்கம் திரும்பி, "கொடியில பாரு" என்றார். மொத்தமும் ஒரு மூச்சு விடும் நேரம்தான். வேறு யாராவது பார்த்திருந்தால் அதில் ஒன்றும் இருந்திருக்காது.

காதுக்காரர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். ஒரு காது மட்டும் கேட்பவர்கள் இப்படித்தான் திரும்புவார்கள். சத்தம் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாது. திசை தெரிய இரண்டு காதும் வேண்டும். அவர் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். அவள் கணவனின் வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். போன தடவை வந்தபோதும் வலது பக்கம்தான். கடைத்தெருவில் சேர்ந்து நடந்து போகும்போதுகூட, வண்டிகள் உரசிக்கொண்டு போகும் பக்கமாக இருந்தாலும், அவள் வலது பக்கமே நடப்பாள். அவளும் அண்ணன் பார்ப்பதைப் பார்த்தாள். பிறகு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மாப்பிள்ளை மொட்டைமாடியில் காய்ந்த சட்டைகளை எடுத்துக்கொண்டிருந்தார். காதுக்காரர் அவருடைய இடது பக்கம் போய் நின்று, சாதாரணக் குரலில், "எவ்வளவு நாளா மாப்ள?" என்றார். பதில் வரவில்லை. சுற்றி வந்து எதிரே நின்று அதையே மறுபடி கேட்டார்.

மாப்பிள்ளை கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தார். "மூணு வருஷம். ஒரு காய்ச்சல் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஒரு நாள் காலைல எழுந்தேன், இடது பக்கம் காலி. அவ்வளவுதான்."

"வருஷா வருஷம் பாப்பாங்களே."

"பக்கவாட்டுல தள்ளி நின்னு நம்பர் சொல்லுவாங்க. சொல்றவன் வாயப் பாத்தா போதும்."

"என்கிட்ட?"

மாப்பிள்ளை லேசாகச் சிரித்தார். "உங்க புருவம் மச்சான். நீங்க நேர்மையான ஆளு. உங்க மூஞ்சி உங்களவிட நேர்மை."

காதுக்காரர் கொடியைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவருக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

"பத்துப் பேரு உங்க பின்னாடி வருவாங்க மாப்ள. சுடற சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியாது."

"பின்னாடி வர்ற பத்துப் பேருக்கும் தெரியுமே. சொல்லுவாங்க."

"சொல்றதுக்குள்ள?"

மாப்பிள்ளை கொடியில் மிச்சமிருந்ததையும் எடுத்தார். சட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தார்.

"பதினாலு வருஷம் மச்சான். கேட்டுக்குக் காவல், குடோனுக்குக் காவல், பெரிய மனுஷன் யாராவது வந்தா ரோட்டுக்குக் காவல். ஒரு நாளாவது யாருக்காவது பிரயோஜனமா இருந்திருக்கேனான்னு கேட்டா எனக்குத் தெரியாது. அந்த ஸ்கூல் பொண்ணு படம் பாத்தீங்கல்ல? நம்ம குட்டி வயசு. அங்க ஒரு ஸ்கூல் வாசல்ல நான் போய் நின்னா, அன்னிக்கு ஒரு நாளைக்கு அங்க குண்டு விழாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"நீங்க நின்னா விழாதுன்னு யாரு சொன்னா? நீங்க நிக்கறீங்கன்னே போடுவான்."

"போடலாம். இங்க உக்காந்துக்கிட்டு போடுவானா மாட்டானான்னு பேசறதுக்குத்தான் ஆறு நாள் ஆச்சே. யாராவது போய்ப் பாக்கணுமில்ல?"

"அவங்க யாருன்னே நமக்குத் தெரியாது மாப்ள."

"தெரிஞ்சவங்களுக்கு மட்டும் செய்யறதுக்கு யூனிஃபார்ம் எதுக்கு? லுங்கியே போதும்."

நல்ல பதில் என்று காதுக்காரருக்குத் தோன்றியது. பத்திரிகைகளில் இதைவிட நல்ல பதில் அவர் படித்ததில்லை. அதனாலேயே எரிச்சலும் வந்தது. "இதெல்லாம் கேன்டீன்ல நல்லா இருக்கும். நான் உங்க காதப் பத்திப் பேசறேன்."

"சரி, என்னை நிறுத்துங்க. என் இடத்துக்கு அடுத்தவன் மேல வருவான், வரிசை நகரும், கடைசில யாரு ஏறுவான் தெரியும்ல? சுருட்டைமுடி. போகவே மாட்டேங்கறான் அவன். போறேங்கறவன நிறுத்தி, வேணாங்கறவன அனுப்பப் போறீங்க. அப்புறம் அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க தாள்ல அத எங்க எழுதுவீங்க?"

கீழே குட்டி, அந்த ஊரில் இப்போது விடிந்துவிட்டது என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

தங்கை தெருமுனை வரை வந்தாள்.

"குட்டி தலைல கைவெச்சு சத்தியம் வாங்கிட்டாரு," என்றாள் அவள். "இடதுன்னு சொன்னேனே அண்ணா. அதுக்கு மேல எப்படிச் சொல்லுவேன்?"

"நான் பொய்யின்னு நினைச்சேன்."

"ஆமா, நீதான் பொய் எழுத மாட்டியே." அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அங்க இருக்கவங்க பாவந்தான். நான் இல்லங்கல. அவர் சொல்றதக் கேட்டா எனக்கே போகணும் போல இருக்கு. ஆனா ராத்திரி அவரு வலது காத தலைகாணில வெச்சுப் படுத்துட்டா, நான் எழுப்பினாக்கூட அவருக்குத் தெரியாது. அங்க யாரு எழுப்புவா?"

பஸ் வந்தது. அவர் ஏறும்போது அவள் சொன்னாள்: "நீ என்ன செஞ்சாலும் நான் சொல்லித்தான் செஞ்சேன்னு அவரு நினைப்பாரு. அதையும் சேத்து யோசிச்சுக்கோ."

மறுநாள் காலை காதுக்காரர் ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி முன்னதாகப் போனார். மறுபரிசோதனைக்கு என்று ஒரு மஞ்சள் சீட்டு உண்டு. ஒருவரைத் திரும்ப அழைக்க அது போதும். அதில் காரணம் என்று ஒரு கட்டம். அதற்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உண்மையான காரணத்தை எழுதினால் மாப்பிள்ளை ஏமாற்றியவர் ஆவார். விசாரணை, தண்டனை, சட்டையில் இருக்கும் பட்டை போகும். வேறு காரணம் எழுதினால் அது பொய். கடைசியில் மஞ்சள் சீட்டை வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். சோதனை நடந்த மூன்று நாளும் நாற்காலி கையேட்டின்படி வைக்கப்படவில்லை; ஒலி கொடுப்பவரின் முகம் உள்ளே இருப்பவருக்குத் தெரிந்தது; ஒலி கொடுக்கும்போது புருவத்தை உயர்த்தும் பழக்கம் அவருக்கு இருப்பதாக இப்போது தெரியவந்துள்ளது; ஆகவே இருநூற்றுப் பன்னிரண்டு முடிவுகளையும் நம்ப முடியாது. நான்கு வரி. கீழே கையெழுத்து.

காதுப் பிரிவின் டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்தார். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த அவர், ஒவ்வொரு தாளையும் இது அந்த எட்டு மாதத்தை என்ன செய்யும் என்ற கண்ணோடுதான் பார்ப்பார்.

"இருநூத்திப் பன்னெண்டு பேருக்குமா புருவத்தத் தூக்கினீங்க?"

"தூக்கியிருப்பேன் போல இருக்குங்க."

"யாரு பாத்து அமுக்கினாங்க, யாரு கேட்டு அமுக்கினாங்கன்னு?"

"தெரியாதுங்க. அதுதான் பிரச்சினை."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒருத்தர் ரெண்டு பேரத் திரும்பக் கூப்பிட்டாப் போதாதா? சந்தேகம் இருக்கறவங்கள மட்டும்?"

"அவங்கள மட்டும் எதுக்குன்னு எழுதணுங்களே."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் இதுல இருக்காரு இல்ல?"

"இருக்காருங்க."

"அவரு போகக் கூடாதுன்னுதான் இதப் பண்றீங்கன்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க."

"இல்லையா?"

"எனக்கே தெரியலைங்க."

டாக்டரம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு தாளின் ஓரத்தில் எழுதினார். "எல்லாரையும் திரும்ப எடுங்க. உறவுங்கறத அவர் தாள்ல தனியா எழுதி வைங்க. கையெழுத்து நான் போடறேன். நாற்காலிய எங்க திருப்பணுமோ திருப்புங்க." பிறகு, கதவு வரை போனவரிடம் சொன்னார்: "பத்தொன்பது வருஷம், இல்ல? முன்னாடி பாத்தவங்கள எல்லாம் என்ன பண்றது?"

"அப்பல்லாம் நாற்காலி பக்கவாட்டுலதாங்க இருந்துச்சு."

"அது வரைக்கும் புண்ணியம்."

படையின் புறப்பாடு நாற்பத்தெட்டு மணி நேரம் தள்ளிவைக்கப்பட்டது. நிர்வாகக் காரணங்கள் என்று ஒரு வரி அறிக்கை வந்தது. அன்று சாயங்காலமே தொலைக்காட்சியில் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து அந்த ஒரு வரியைப் பிரித்து மேய்ந்தார்கள். அரசு தயங்குகிறது என்றார் ஒருவர். இது தயக்கமல்ல, எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் கடைசி வாய்ப்பு என்றார் ஓய்வுபெற்ற தூதர். மக்களின் எதிர்ப்புக்குக் கிடைத்த முதல் வெற்றி என்று மூன்றாமவர் சொன்னார். நான்காமவர், அந்த நாட்டின் தலைநகரில் திரைமறைவில் பேச்சு நடப்பதாகத் தனக்கு நம்பகமான தகவல் இருக்கிறது என்றார். கேன்டீனில் மருந்துக்கடைக்காரர், "நான் அப்பவே சொன்னேன்ல? பேசித் தீத்துக்கப் போறாங்க" என்றார். எக்ஸ்ரேக்காரர் காதுக்காரரின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அன்று யாரையும் நடித்துக் காட்டவில்லை.

புதன்கிழமை காலை தாழ்வாரம் மறுபடி நிறைந்தது. நாற்காலி இப்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து இருந்தது. வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். வாத்தியார் கோபமா இருக்காருடா, மூலைல உக்கார வைக்கறாரு என்று ஒருவன் சொல்ல, வரிசை முழுவதும் சிரிப்பு போனது. யாரிடமும் மாற்றம் இல்லை. முன்பு கேட்டவர்களுக்கு இப்போதும் கேட்டது. ஐம்பது பேர் தாண்டியதும் தாளில் எழுதும் 'இயல்பு' அவருக்கு அர்த்தமில்லாத ஒரு கோடாகத் தெரிய ஆரம்பித்தது. ஒருவராவது, மாப்பிள்ளை தவிர வேறு ஒருவராவது விழுந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார். நினைத்ததற்காகத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

சுருட்டைமுடி இந்த முறை முன்னதாகவே வந்தான். பன்னிரண்டு முறையும் விளக்கு எரிந்தது, ஒவ்வொரு தடவையும் உடனுக்குடன். விரும்பியிருந்தால் அமுக்காமல் இருந்திருக்கலாம். அது அவனுக்குத் தோன்றவில்லையோ, தோன்றியும் செய்யவில்லையோ. ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தான்.

"யாராவது விழுந்தாங்களா சார்?"

"இன்னும் பாத்து முடியல."

"சரிங்க சார்." அவன் போய்விடவில்லை. எதிர்ச் சுவரோரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, உள்ளே போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தான்.

மாப்பிள்ளை பன்னிரண்டு மணிக்கு வந்தார். திரும்பியிருந்த நாற்காலியைப் பார்த்தார். ஒரு கணம் அதன் முதுகின் மேல் கையை வைத்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பயணத்துக்கென்று முடி வெட்டியிருந்தார். கழுத்துக்கு மேலே, வெயில் படாத வெளுத்த தோல் ஒரு பட்டையாகத் தெரிந்தது. கதவு மூடியது.

வலது காதில் ஆறு முறை விளக்கு எரிந்தது.

இடது காது. இருபத்தைந்து. விளக்கு எரியவில்லை. மாப்பிள்ளையின் தலை மிக மெல்ல, ஒரு விரல் அளவு, வலது பக்கம் சாய்ந்தது. முப்பது. முப்பத்தைந்து. அவர் ஊகித்து ஒருமுறை அமுக்கினார். அப்போது ஒலியே கொடுக்கப்படவில்லை. காதுக்காரர் அதைக் குறித்துக்கொள்ளாமல் விட்டார். இருபத்தைந்தில் கேட்காதபோதே தாளைப் பொறுத்தவரை அவர் விழுந்துவிட்டார். மேலே போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் குமிழைத் திருப்பினார். நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பது. உள்ளே தோள்கள் இறுகியிருந்தன. வெளியே பெஞ்சிலிருந்து யாரோ எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஐம்பத்தைந்தில் விளக்கு எரிந்தது.

இடது காது கேட்டதல்ல அது. சத்தம் போதுமான அளவு பெரிதாகிவிட்டால், அது மண்டை எலும்பைக் கடந்து மறுபக்கம் போய்விடும். அங்கே இருக்கும் நல்ல காது அதை எடுத்துக்கொள்ளும். கேட்கிறவருக்குக் கேட்டது மட்டும்தான் தெரியும். எங்கே ஒலித்தது என்று தெரியாது. அதை உறுதிசெய்ய வேண்டுமானால் நல்ல காதை இரைச்சலால் அடைத்துவிட்டு மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். இரைச்சலுக்கான குமிழ் பெட்டியின் ஓரத்தில் இருந்தது. காதுக்காரர் அதன் மேல் விரல்களை வைத்தார், ஆனால் திருப்பவில்லை.

ஒலியை அவர் நிறுத்தி நான்கு நொடி ஆகியிருந்தது. மாப்பிள்ளை பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு அமுக்கிக்கொண்டே இருந்தார். பெட்டியில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.